நீண்ட பட்டியல்களை விரைந்து காட்டுதல்: மேசைக் கணினி இடைமுகங்களின் வரலாற்றில் ஒரு பகுதி

மேசைக் கணினியில் அஞ்சல் பெட்டியைத் திறந்தால் கடிதங்களின் பட்டியல் வருகிறது. கோப்புறையைத் திறந்தால் கோப்புகளின் பட்டியல் வருகிறது. பாட்டு கேட்கும் மென்பொருள், கணக்குப் பதிவு மென்பொருள், நூலக அட்டவணை என எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பட்டியலே. நன்றாக எழுதப்பட்ட மென்பொருளில் அந்தப் பட்டியலில் 50 வரிகள் இருந்தாலும் 5 லட்சம் வரிகள் இருந்தாலும் திரையில் தோன்ற ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகிறது. கணினிகள் வேகமானது இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பட்டியல் என்ற திரைக்கூறு தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிட்டது. இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. விண்டோஸ், மேக், ஜாவா, லினக்ஸ் என ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக, பெரும்பாலும் ஒரே வரிசையில், ஏறத்தாழ 25 ஆண்டுகளில் நடந்தது.

வேகத்துக்கான அளவுகோல் மட்டும் அதற்கு முன்பே இருந்தது. 1968 இல் ராபர்ட் மில்லர் கணினியின் மறுமொழி நேரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விடை வந்தால் அது உடனே நடந்ததாக மனிதர் உணர்கிறார். ஒரு நொடியைத் தாண்டினால் சிந்தனைத் தொடர் தடைபடத் தொடங்குகிறது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. பின்னாளில் ஜேக்கப் நீல்சன் தம் 1993 ஆம் ஆண்டு நூலில் இந்த மூன்று எல்லைகளையும் எடுத்தாண்டு பரவலாக்கினார். பட்டியல் ஒன்று திறக்க 10 நொடி ஆனால், திறந்தவர் எதைத் தேடினார் என்பதே அவருக்கு மறந்திருக்கக்கூடும்.

எளிய கணக்கு

ஒரு வரியை உருவாக்க, அதாவது எழுத்துகளை நினைவகத்தில் படியெடுத்து, அகலத்தை அளந்து, இடத்தை ஒதுக்க, 0.1 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 வரிகளுக்கு 10 மில்லிநொடி. யாரும் கவனிக்க மாட்டார்கள். 1,00,000 வரிகளுக்கு 10 நொடி. ஆனால் திரையில் ஒரே நேரத்தில் தெரிபவை சுமார் 40 வரிகள். அவற்றுக்கு மட்டும் ஆகும் நேரம் 4 மில்லிநொடி. எஞ்சிய 99,960 வரிகளுக்காகப் பயனர் காத்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் தொடக்கக் காலத்துப் பட்டியல்கள் ஏன் எல்லா வரிகளையும் விழுங்கின? பெரிய பட்டியல் என்ற ஒன்றை அப்போது எவரும் எதிர்பார்க்கவில்லை என்பதே விடை. 1984 இல் வந்த முதல் மேகிண்டோஷின் நினைவகம் 128 கிலோபைட். அதன் திரை 512 க்கு 342 பிக்சல். 1986 இல் மேகிண்டோஷ் பிளஸ்ஸுடன் வந்த ‘லிஸ்ட் மேனேஜர்’ என்ற தொகுப்பு, ஒரு பட்டியலின் மொத்தத் தரவுக்கு 32 கிலோபைட் எல்லை வைத்தது. எழுத்துருப் பெயர்களையோ ஒரு வட்டில் உள்ள கோப்புகளையோ காட்ட அது தாராளமாகப் போதும். 16-பிட் விண்டோஸில் நினைவகமே 64 கிலோபைட் துண்டுகளாகத்தான் கையாளப்பட்டது. பட்டியல் பெட்டியும் அந்த எல்லைக்குள்ளேயே வாழ்ந்தது.

யூனிக்ஸ் கணினிகளில் இருந்த எக்ஸ் சாளர முறையில் சிக்கல் வேறு விதமானது. அங்கே திரை ஆயங்கள் 16-பிட் எண்கள். மேல் எல்லை 32,767. பட்டியல் முழுவதையும் ஒரே நெடிய சாளரமாக வரைந்து, அதன் மீது ஒரு சிறு சட்டத்தை நகர்த்திக் காட்டுவது எளிய வழி. ஒரு வரிக்கு 20 பிக்சல் என்றால் 1,638 வரிகளில் எண் தீர்ந்துவிடும். அதற்கு மேல் போனால் வரிகள் வரையப்படாமலோ, தவறான இடத்திலோ விழும்.

நிரப்பும் வேகத்தைக் கூட்டும் முயற்சி

32-பிட் முறைகள் வந்ததும் நினைவக எல்லை தளர்ந்தது. பழைய பழக்கம் போகவில்லை. விண்டோஸ் 95 இல் பட்டியல் பெட்டியின் எழுத்துகளுக்கான அளவு எல்லை நீங்கியது. ஆனால் வரிகளின் எண்ணிக்கை இன்னும் 16-பிட் எண்ணாகவே சென்றதால் 32,767 க்கு மேல் வைக்க முடியவில்லை. நிரலாளர்கள் அந்த எல்லை வரை நிரப்பத் தொடங்கினர். காத்திருப்பும் தொடங்கியது.

முதலில் செய்யப்பட்டவை எல்லாம் நிரப்பும் வேலையை வேகப்படுத்தும் உத்திகளே. அவற்றில் மிகப் பழையதும் மிக எளியதும், நிரப்பும்போது திரையை வரையாமல் நிறுத்திவைப்பது. ஒவ்வொரு வரியைச் சேர்த்ததும் பெட்டி தன்னைப் புதிதாக வரைந்துகொண்டால், ஆயிரம் வரிக்கு ஆயிரம் முறை வரைய நேரும். ‘மறுவரைவை நிறுத்து’ என்ற செய்தியை முதலில் அனுப்பி, எல்லாம் சேர்ந்தபின் ‘வரை’ என்று சொன்னால் ஒரே முறையோடு முடிந்துவிடும். இன்றும் புதிதாக நிரலெழுதும் மாணவர்கள் விட்டுவிடும் படி இது.

அடுத்தது நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்குவது. எத்தனை வரிகள் வரப்போகின்றன என்று முதலிலேயே தெரிவிக்க விண்டோஸில் ஒரு செய்தி உண்டு. 100 வரிக்கு மேல் சேர்ப்பவர்களுக்கு இது உதவும் என்று மைக்ரோசாப்ட் ஆவணம் கூறுகிறது. 100 என்பதே பெரிய எண்ணாகக் கருதப்பட்ட காலத்தை அந்த வாக்கியம் காட்டுகிறது.

மூன்றாவது, வரிசைப்படுத்துதல். அகர வரிசையில் தன்னைத்தானே அடுக்கிக்கொள்ளும் பெட்டியில் ஒவ்வொரு புதிய வரியும் தனக்குரிய இடத்தைத் தேடிச் செருகிக்கொள்ள வேண்டும். செருகுவதற்காக மற்றவை நகர வேண்டும். தொடர் அணியாக வைத்திருந்தால், தாறுமாறாக வரும் 1,00,000 வரிகளுக்குச் சராசரியாக 250 கோடி நகர்வுகள் ஆகும். முதலில் தரவை வெளியே ஒரே முறை வரிசைப்படுத்திவிட்டு, பிறகு அப்படியே கொடுத்தால் அந்த நகர்வுகள் எதுவும் தேவையில்லை.

லினக்ஸ் உலகில் 2002 இல் வெளிவந்த ஜிடிகே 2.0 இன் ‘ட்ரீவியூ’வுக்கும் இதே போன்ற ஓர் அறிவுரை உண்டு: தரவு மாதிரியைக் காட்சியிலிருந்து கழற்றி, நிரப்பி, மீண்டும் மாட்டு. இவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் எதுவும் அந்த 99,960 வரிகளைத் தொடவில்லை.

கேட்கும்போது கொடு

தீர்வுக்கான கருத்து உண்மையில் மிகப் பழையது. நார்வேயைச் சேர்ந்த ட்ரிக்வே ரீன்ஸ்காக் 1978–79 இல் கலிபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் விருந்தினராக இருந்தபோது, தரவை ஓரிடத்திலும் அதைக் காட்டும் வேலையை வேறிடத்திலும் பிரிக்கும் முறையை வகுத்தார். மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என்ற மூன்றாகப் பின்னர் அது புகழ்பெற்றது. பெரிய, சிக்கலான தரவுத் தொகுதியைப் பயனர் தம் கைக்குள் கொண்டுவருவதற்கான வழி என்றே அவர் அதைக் கருதினார். மாதிரி தனியே இருந்தால், காட்சி தனக்கென ஒரு படி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம்.

வாசகரே அலமாரிக்குச் செல்ல அனுமதியில்லாத பழைய நூலகங்களை நினைத்துப் பாருங்கள். மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே சென்று அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்து வருவார். மொத்த நூலகத்தையும் மேசை மீது கொட்டிவிட்டுப் பிறகு தேடச் சொல்வது எப்படியோ, அப்படித்தான் பழைய பட்டியல் பெட்டி நடந்துகொண்டது.

32-பிட் விண்டோஸின் சாதாரணப் பட்டியல் பெட்டியிலேயே ‘நோ டேட்டா’ என்று ஒரு பாணி உண்டு. வரிகள் ஆயிரத்தைத் தாண்டும்போது இதைப் பயன்படுத்தும்படி ஆவணம் சொல்கிறது. இந்தப் பெட்டியிடம் எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். வரைய வேண்டிய நேரத்தில் ‘இந்த எண் வரியை வரை’ என்று அது நிரலுக்குச் செய்தி அனுப்பும். வரியைச் சேர்க்கும் கட்டளையோடு தரும் தரவைப் பொருட்படுத்தாது. ‘இந்தச் சொல்லைத் தேடு’ என்றால் எப்போதும் தோல்வியையே விடையாகத் தரும். தேடுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை அல்லவா? அதைப் பயன்படுத்த ஒவ்வொரு வரியையும் நிரலாளர் தாமே வரைய வேண்டும் என்பது ஒரு சுமை.

1996 இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3.0 உடன் வந்த பொதுத் திரைக்கூறு நூலகம் அந்தச் சுமையைக் குறைத்தது. ‘லிஸ்ட்வியூ’ என்ற கூறுக்கு ‘ஓனர் டேட்டா’ என்ற பாணி சேர்க்கப்பட்டது. மெய்நிகர் பட்டியல் என்று இதை அழைப்பர். வரைவதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியின் எழுத்தையும் படத்தையும் மட்டும் நிரலிடம் கேட்கும். எந்த வரி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது, குவியம் எங்கே உள்ளது ஆகிய இரண்டை மட்டுமே தன்னிடம் வைத்திருக்கும். அடுத்து எந்த வரிகள் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே ஒரு குறிப்பையும் அனுப்பும். தரவுத்தளத்திலிருந்து எடுத்து வர நேரமாகும் என்றால், அந்தக் குறிப்பைக் கண்டதும் அந்தப் பகுதியை மொத்தமாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு இதுவே. காட்சிக்கும் தரவுக்கும் இடையே நேர இடைவெளி உண்டு என்பதை அது ஒளிக்கவில்லை.

மோசில்லாவிலும் இதே கதை நடந்தது. அதன் அஞ்சல் பகுதியில் தொடக்கத்தில் ஒவ்வொரு வரியும் ஆவண மரத்தின் ஓர் உறுப்பாகவே இருந்தது. பெரிய அஞ்சல் பெட்டிகள் திணறின. 2001 வாக்கில் டேவிட் ஹயட் ‘அவுட்லைனர்’ என்ற புதிய கூறை எழுதினார். எத்தனை வரிகள், இந்தக் கட்டத்தில் என்ன எழுத்து என்று கேட்டுக் கேட்டு வரையும் கூறு அது. எக்லிப்ஸின் எஸ்டபிள்யூடி தொகுதி 2004 இலும், நார்வே நிறுவனமான ட்ரோல்டெக்கின் க்யூட் 4.0 மற்றும் மைக்ரோசாப்டின் டாட் நெட் 2.0 ஆகியன 2005 இலும் இதே இடத்தை வந்தடைந்தன. 1996 இல் தீர்ந்த சிக்கல் டாட் நெட்டின் முதல் பதிப்பில் மீண்டும் தலைதூக்கியது. அடியில் இருந்த விண்டோஸ் கூறுக்குத் தெரிந்த வித்தையை மேலே போர்த்திய நூலகம் வெளிக்காட்டவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பட்டியல் கூறு வேகமானால் மட்டும் தரவு வேகமாக வந்துவிடாது. க்யூட்டின் தரவுத்தள மாதிரி, முடிவின் அளவு முன்கூட்டித் தெரியாதபோது, 255 வரிகளாகவே எடுத்து வருகிறது; பயனர் கீழே உருட்டும்போது அடுத்த 255. அதன் கோப்புறை மாதிரி, வட்டைப் படிக்கும் வேலையைத் தனி இழையில் செய்கிறது. இவ்விரண்டும் இல்லாமல் மெய்நிகர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால், காத்திருப்பு திரையிலிருந்து வட்டுக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது.

ரப்பர் முத்திரை

வரிகளைக் கேட்டு வாங்கினாலும், திரையில் தெரியும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திரைப்பொருள் வேண்டுமா என்ற கேள்வி இருந்தது. 40 வரி, 10 பத்தி என்றால் 400 பொருள்கள். 1990 இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த பால் கால்டரும் மார்க் லின்டனும் ஒரு மாநாட்டுக் கட்டுரையில், ஓர் எழுத்துக்கு ஒரு பொருள் என்று வைத்தாலும் தாங்கும் அளவுக்கு எடை குறைந்த, பகிர்ந்துகொள்ளக்கூடிய பொருள்களை முன்வைத்தனர். 1994 இல் வந்த புகழ்பெற்ற ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் அது ஒரு வடிவமாகவே இடம்பெற்றது.

ஜாவாவின் ஸ்விங் தொகுதி இதை நேரடியாகக் கையாண்டது. ஒரே ஓர் எழுத்துப்பட்டையை எடுத்து, முதல் கட்டத்தின் எழுத்தை அதில் இட்டு, வரைந்து, பிறகு அதே பட்டையில் இரண்டாம் கட்டத்தின் எழுத்தை இட்டு வரையும். ‘ரப்பர் முத்திரை’ என்பது ஸ்விங்கின் ஆவணமே தரும் உவமை. நெக்ஸ்ட் நிறுவனத்தில் வளர்ந்து 2001 இல் மேக் ஓஎஸ் எக்ஸுக்கு வந்த அட்டவணைக் கூறும் அப்படித்தான்: ஒரு பத்திக்கு ஒரு முத்திரை.

முத்திரைக்கு ஒரு குறை உண்டு. குத்தியபின் அது வெறும் மை. கட்டத்துக்குள் ஒரு பொத்தானை வைத்து அழுத்தவோ, அசைவூட்டம் காட்டவோ அங்கே உண்மையான பொருள் எதுவும் இல்லை. இதற்கான சமரசம், மேலே உருண்டு மறைந்த வரியின் பொருளை எடுத்துத் துடைத்துக் கீழே புதிதாகத் தோன்றும் வரிக்குக் கொடுப்பது. 2008 இல் ஐபோன் நிரலாளர்களுக்குத் திறக்கப்பட்டபோது இந்த மறுபயன்பாடே அதன் அட்டவணைக் கூறின் மைய விதியாக இருந்தது. முதல் ஐபோனின் நினைவகம் 128 மெகாபைட்தான். அதே ஆண்டு மைக்ரோசாப்டின் டபிள்யூபிஎஃப் 3.5 இன் சேவைத் தொகுப்பிலும் இது சேர்ந்தது. 2011 இல் மேக் ஓஎஸ் லயனில் கைப்பேசியிலிருந்து மேசைக்கு வந்தது. மேசைக் கணினியிடமிருந்து கைப்பேசி கற்றுக்கொண்டதே வழக்கம். இங்கே தலைகீழாக நடந்தது.

உயரம் தெரியாத வரிகள்

உருள்பட்டையின் கட்டை எவ்வளவு நீளம், எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிட, பட்டியலின் மொத்த உயரம் தெரிய வேண்டும். எல்லா வரியும் ஒரே உயரம் என்றால் ஒரு பெருக்கல் போதும். ஒவ்வொன்றும் ஓர் உயரம் என்றால்? ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். அளக்க, உருவாக்க வேண்டும். மெய்நிகர் பட்டியலின் பயன் முழுவதும் இங்கே கரைந்துவிடும்.

ஸ்விங்கின் பட்டியல் இந்தப் பள்ளத்தில் விழுந்தது. கட்டத்தின் உயரத்தையும் அகலத்தையும் சொல்லாவிட்டால், காட்டுவதற்கு முன் அது ஒவ்வொரு வரியையும் முத்திரையில் ஏற்றி அளந்து பார்க்கும். அதைத் தவிர்க்க ஒரு மாதிரி வரியைக் கொடுக்கலாம். ‘எல்லாம் இதைப் போலவே இருக்கும்’ என்று வாக்குக் கொடுப்பது போன்றது அது. க்யூட்டில் ‘சீரான வரி உயரம்’ என்ற அமைப்பும், 2004 இல் ஜிடிகே 2.6 இல் வந்த ‘நிலைத்த உயர’ முறையும் இதே வாக்குறுதிதான். பட்டியல் மெதுவாக இருக்கிறது என்று வருந்தும் நிரலாளர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பல நேரங்களில் ஒரே ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

வாக்குக் கொடுக்க இயலாதபோது ஜிடிகே செய்தது சுவையானது. கண்ணுக்குத் தெரியும் வரிகளை உடனே அளந்துவிட்டு, மற்றவற்றைக் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் சிறிது சிறிதாக அளந்தது. அளந்த உயரங்களைச் சிவப்பு-கருப்பு மரம் என்ற சமநிலைத் தரவமைப்பில் வைத்தது. மரத்தின் ஒவ்வொரு கணுவும் தனக்குக் கீழுள்ள கிளைகளின் மொத்த உயரத்தை நினைவில் வைத்திருக்கும். ஆகவே ‘மேலிருந்து 4,00,000 ஆவது பிக்சலில் எந்த வரி?’ என்ற கேள்விக்கு லட்சம் வரிகளைக் கூட்டிப் பார்க்காமல் சுமார் 20 படிகளில் விடை கிடைக்கும். மாணவர்கள் தேர்வுக்காக மட்டுமே படிக்கும் அந்த மரம் தினசரி வேலை செய்த இடங்களில் இதுவும் ஒன்று.

அளத்தலின் செலவு எழுத்துமுறையைப் பொறுத்தும் மாறும். தமிழுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ‘கொ’ என்பது ஒருங்குறியில் இரண்டு குறியீடுகள். திரையிலோ கொம்பு, க, கால் என மூன்று வடிவங்கள். அதிலும் கொம்பு முன்னே போய் நிற்க வேண்டும். எழுத்தெழுத்தாக அகலங்களைக் கூட்டினால் சரியான விடை வராது. வடிவமைக்கும் பொறி முழுச் சொல்லையும் பார்த்தாக வேண்டும். எனவே ‘பத்தியின் அகலத்தை எல்லா வரிக்கும் ஏற்ப அமை’ என்ற வசதியை ஒரு லட்சம் தமிழ்ப் பெயர்கள் மீது ஏவுவது, அதே எண்ணிக்கையிலான ஆங்கிலப் பெயர்களைவிடக் கனமான வேலை. தெரியும் வரிகளை மட்டும் அளக்கும்படி அமைப்பது நம் மொழியில் மென்பொருள் எழுதுவோருக்கு இன்னும் அவசியம்.

டபிள்யூபிஎஃப் இல் வேறொரு பொறி இருந்தது. 2006 இல் வந்த இத்தொகுதியில் பட்டியல்கள் இயல்பாகவே மெய்நிகரானவை. ஆனால் அந்தப் பட்டியலைச் செங்குத்தாக அடுக்கும் ஒரு சட்டத்துக்குள் வைத்தால், சட்டம் ‘உனக்கு எவ்வளவு உயரம் வேண்டுமோ எடுத்துக்கொள்’ என்று சொல்லிவிடும். எல்லையற்ற உயரம் கிடைத்த பட்டியல், எல்லா வரிகளும் தெரிவதாகக் கருதி அனைத்தையும் உருவாக்கத் தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. 20 வரியை வைத்துச் சோதித்தவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. மென்பொருள் பயனரின் கைக்குப் போனபின்தான் வெளிப்படும். வரிகளைக் குழுக்களாகப் பிரித்தாலும் மெய்நிகர் தன்மை போய்விடும் என்ற குறை 2012 இல் டாட் நெட் 4.5 இல்தான் தீர்ந்தது.

இல்லாத வரிகளைத் தேடுவோர்

பட்டியலிடம் தரவு இல்லை என்பதால் அதுவரை இலவசமாகக் கிடைத்த சில வசதிகள் நிரலாளரின் தலையில் விழுந்தன. விண்டோஸின் மெய்நிகர் பட்டியல் தானாக அகர வரிசைப்படுத்தாது. ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் வரிக்குத் தாவும் பழைய வசதிக்கும், ‘இப்படித் தொடங்கும் வரி எது?’ என்று அது நிரலிடமே கேட்கும். நிரலாளர் விடை எழுதாவிட்டால் அந்த வசதி ஓசையின்றி மறைந்துவிடும்.

இவற்றால் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் திரைபடிப்பான் துணையோடு கணினியைப் பயன்படுத்தும் பார்வையற்றோர். திரைபடிப்பான் திரையில் உள்ள பொருள்களைத் தேடிப் போய் வாசிக்கிறது. பார்வையுள்ளவருக்கு உருள்பட்டையின் சிறுத்த கட்டையே ‘கீழே இன்னும் நிறைய உண்டு’ என்று சொல்லிவிடும். திரைபடிப்பானுக்கோ உருவாக்கப்படாத வரி உலகிலேயே இல்லை. 5,000 கடிதங்கள் உள்ள பெட்டி அதற்கு 40 கடிதங்கள் உள்ள பெட்டியாகத் தெரியக்கூடும். மெய்நிகர் பட்டியல்கள் விண்டோஸில் பரவத் தொடங்கி ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழித்து, 2009 இல் விண்டோஸ் 7 உடன், அணுகல் வசதிகளுக்கான கட்டமைப்பில் இதற்கென இரண்டு ஏற்பாடுகள் சேர்க்கப்பட்டன. ஒன்று, இன்னும் உருவாகாத வரியையும் அதன் பெயரைச் சொல்லிப் பட்டியலிடம் கேட்க உதவுவது. மற்றொன்று அப்படிக் கண்டறிந்த வரியை உண்மையான திரைப்பொருளாக ஆக்கச் சொல்வது. அதில் உள்ள ஒரே கட்டளையின் பெயர் ‘ரியலைஸ்’. புதிதாகப் பட்டியல் கூறு எழுதுவோர் இவ்விரண்டையும் தாமே செயல்படுத்தினால்தான் திரைபடிப்பானால் 41 ஆவது வரியை எட்ட முடியும்.